ஆனேக்கல் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்த இரண்டு வருட பி.எட்.: என் அனுபவம்

பெங்களூரின் 'நம்ம மெட்ரோ' ரயிலில் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை ஓட ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் வரும் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "அந்த காலேஜ் எப்படி?" என்று கேட்பார்கள். இப்போது "மெட்ரோதான் வந்துவிட்டதே, இன்னமும் அங்கே ஹாஸ்டலில் தங்கித்தான் பி.எட். முடிக்கணுமா?" என்கிறார்கள். போன வாரம் கேட்டது அல்சூரில் இருக்கும் என் தோழியின் நாத்தனார். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர், முப்பது தாண்டியாகிவிட்டது, ஒன்றாம் வகுப்புப் போகும் மகள் இருக்கிறாள், மாமியார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் அவருக்குப் பதில் தட்ட ஆரம்பித்து அது நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

காலேஜின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போகும் வழியில் உள்ளே ஒதுங்கி இருக்கும் ஒரு சின்ன காலேஜ், அவ்வளவு போதும். பி.எட். மட்டும்தான் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கணக்கில் ஒரு யூனிட் என்றால் வருடத்துக்கு 50 பேர். இரண்டு வருடமும் சேர்த்து 100 பேர், அதற்கு 8 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். எங்கள் காலேஜில் காகிதத்தில் எட்டு, வகுப்புக்கு வருவது ஐந்து. 2021 இல் சேர்ந்தேன், 2023 இல் வெளியே வந்தேன். எல்லோரும் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி, வீட்டிலிருந்து வந்துபோக அனுமதி கிடையாது. எங்கள் பேட்சில் ஆண்கள் பத்துக்கும் குறைவு, அவர்களுக்குத் தனிக் கட்டிடம்.

இரண்டு வருடம் எதற்கு, அந்தக் காலத்தில் ஒரே வருடத்தில் முடித்தார்களே என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். மைசூரில் இருக்கிற மாதிரியான மண்டலக் கல்வி நிறுவனங்களில் 1999 இலேயே இரண்டு வருடமாக்கிவிட்டார்கள். ஆசிரியர் கல்வி பற்றி நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான ஆணையம் 2012 இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு 2014 இல் புது விதிகள் வந்து, 2015 முதல் நாடு முழுக்க இரண்டு வருடம் ஆனது. 2025 இல் வந்த வரைவில், நான்கு வருட டிகிரியோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஒரு வருட பி.எட். திரும்பவும் கொண்டுவரலாம் என்றிருக்கிறது. தோழியின் நாத்தனார் முதுகலை முடித்தவர் என்பதால் அவர் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான். இன்னொன்று, ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எடுக்க பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் முடித்த வருடமே அந்தத் தீர்ப்பு வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசையோடு படித்த இருவர் அன்று அழுததைப் பார்த்தவள் நான். சின்ன வகுப்புகள்தான் வேண்டும் என்றால் பி.எட். பக்கமே வர வேண்டாம், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான டிப்ளமோவான டி.எல்.எட். படியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சாம்பாரில் வெல்லம் போடுவார்கள், புதன்கிழமை ராகி முத்தே, அதாவது களி உருண்டை, ஞாயிறு மதியம் மட்டும் நன்றாக இருக்கும். போர்வெல் தண்ணீர் உப்பு, முடி கொட்டும், ஹாஸ்டலில் இருந்த யாரும் சொல்வதுதான். ரெக்கார்டு எழுதி எழுதி விரல் வீங்கும், சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கியே காசு கரையும், அது எந்த பி.எட். காலேஜிலும் உண்டு. நான் சொல்ல வந்தது இரண்டே விஷயம். ஒன்று அந்த மெஸ் ஹாலில் நடந்த ராத்திரிகள், இன்னொன்று கேட்டில் இருந்த அவுட்பாஸ் நோட்டு.

ராத்திரியை முதலில் சொல்கிறேன். மைக்ரோ டீச்சிங் பற்றி பி.எட். படித்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 1960களில் டுவைட் ஆலனும் கூட இருந்தவர்களும் உருவாக்கிய முறை அது. ஒரு பாடத்தை முழுதாக எடுக்காமல் ஒரே ஒரு திறனை, உதாரணமாகக் கேள்வி கேட்பதை மட்டும், சின்னக் குழுவுக்கு எடுத்துப் பார்ப்பது. நம் நாட்டில் வழக்கத்தில் இருக்கும் சுற்று 36 நிமிடம். 6 நிமிடம் எடுக்கணும், 6 நிமிடம் மற்றவர்கள் குறை சொல்லணும், 12 நிமிடத்தில் திருத்தி எழுதணும், மறுபடி 6 நிமிடம் எடுக்கணும், மறுபடி 6 நிமிடம் கேட்கணும். இப்போது கணக்குப் போடுங்கள். 50 பேரும் ஒரே ஒரு திறனை ஒழுங்காக முடிக்க 30 மணி நேரம் ஆகும். ஐந்து குழுவாகப் பிரித்தாலும் குழுவுக்கு 6 மணி நேரம், ஐந்து ஆசிரியர்களும் வேறு வேலை எதுவும் பார்க்கக் கூடாது. கற்க வேண்டிய திறன்களோ அரை டஜனுக்கு மேல். எந்த காலேஜிலும் பகலில் இது நடக்காது. எங்கள் காலேஜிலும் நடக்கவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம் எடுத்தோம், மீதியை ரெக்கார்டில் நிரப்பினோம்.

நடந்தது ராத்திரியில், யாரும் சொல்லாமல். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் சத்தம் அடங்கியதும் மெஸ்ஸில் ஒரு மூலையில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவோம். முதல் செமஸ்டரில் மூன்று நான்கு பேர் மறுநாள் பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்ததுதான் தொடக்கம். அப்புறம் ஆள் சேர்ந்துகொண்டே போனது. சமையல் பாட்டி சுவரில் மெனு எழுதும் கரும்பலகையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும் என்றிருந்தாலும் வார்டன் மேடம் மெஸ் விளக்கை மட்டும் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். அந்த ஒன்றுக்காக அவருக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

அதில் நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு உதாரணம். ஆறாம் வகுப்புக்குப் பின்னங்களின் வகுத்தல் எடுக்க வேண்டும். நான் எம்.எஸ்சி. கணிதம், தயாரிக்கவே எதுவும் இல்லை என்றிருந்தேன். மாணவியாக உட்கார்ந்தவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஒரு அக்கா, வரலாறு படித்தவர், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். மூன்றை அரையால் வகுத்தால் ஆறு என்று எழுதினேன். "வகுத்தா கொறையத்தானே வேணும்? இது ஏன்மா கூடுது?" என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை, பள்ளியில் படித்த நாளிலிருந்தே புரியாமல் மனப்பாடம் செய்து தாண்டி வந்திருக்கிறார். தலைகீழாக்கிப் பெருக்கணும் அக்கா என்றேன். "அதான் ஏன் தலைகீழாக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மீதியிருந்த சப்பாத்தியில் மூன்றை எடுத்து வைத்தோம். மூன்றில் எத்தனை அரை இருக்கிறது என்று கேள்வியையே மாற்றியதும் அவரே பிய்த்து எண்ணி ஆறு என்றார். சரி, ஆளுக்கு முக்கால் சப்பாத்தி கொடுத்தால் எத்தனை பேர் சாப்பிடலாம்? எல்லாவற்றையும் காலாகப் பிய்த்தார், பன்னிரண்டு துண்டு, ஆளுக்கு மூன்று துண்டு, நான்கு பேர். நாலால் பெருக்கி மூன்றால் வகுத்திருக்கிறார், அதாவது முக்காலைத் தலைகீழாக்கிப் பெருக்கியிருக்கிறார், யாரும் விதி சொல்லாமலே. அந்த அக்கா துண்டுகளையும் கரும்பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதைச் சொல்லிக் குடுக்கவா இத்தனை வருஷம் ஆச்சு" என்றார். மறுநாள் வகுப்பில் காகிதத்தை மடித்து அதே வரிசையில் போனேன், கடைசி பெஞ்சு வரை கை தூக்கினார்கள். இன்று வரை பின்னத்தை நான் எடுப்பது அப்படித்தான். எந்தப் பேராசிரியரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. கணிதம் படித்த இன்னொருத்தி முன்னால் எடுத்துக் காட்டியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள். கணிதம் தெரியாத, வெட்கப்படாமல் கேட்கிற ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு எதிரில் உட்கார்ந்திருந்ததால் வந்தது அது. ஒரே கூரைக்குக் கீழே தங்காமல் இது எங்கே கிடைக்கும்?

இரண்டாம் வருடம் 16 வார இன்டர்ன்ஷிப். சுற்றியிருக்கும் அரசுப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், வீட்டில் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா என்று என்னென்னவோ பேசுவார்கள், பள்ளியில் கன்னடம். காலை எட்டு மணிக்குச் சிதறிப் போய் மாலையில் திரும்பி வந்து அந்த மெஸ்ஸில்தான் மூச்சு விடுவோம். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் வாரக்கணக்கில் வாயே திறக்கவில்லை, மந்தமான பிள்ளை என்று அந்தப் பள்ளி ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று ஒருத்தி கலங்கிப்போய் வந்தாள். அவன் வீட்டில் இந்தி பேசுகிறான் என்பதைக் கண்டுபிடித்து, எங்களில் இந்தி நன்றாகத் தெரிந்த இருவர் உட்கார்ந்து இந்தி, கன்னடச் சொற்களைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதி அட்டைகள் செய்து கொடுத்தோம். வருடக் கடைசியில் அவன் மேடையேறிப் பேசினான் என்றெல்லாம் கதை சொல்லமாட்டேன். கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தான். அந்தப் பெண் ஆசிரியராகத் தொடர்வதற்கு அது போதுமானதாக இருந்தது.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டேன். இனி அந்த நோட்டு.

கேட்டில் வாட்ச்மேன் அண்ணாவிடம் நீளமான ரிஜிஸ்டர் ஒன்று இருக்கும், வார்டனிடம் அவுட்பாஸ் புத்தகம் ஒன்று இருக்கும். ஆண்கள் ரிஜிஸ்டரில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு வெளியே போகலாம், ஒன்பது மணிக்குள் வந்தால் போதும். பெண்களுக்கு ஞாயிறு மட்டும், பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை. அதற்கும் அவுட்பாஸ் புத்தகத்தில் எங்கே, எதற்கு என்று எழுதி, காப்பாளர் என்ற கட்டத்தில் அப்பாவோ கணவரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அல்லது வார்டன் அவருக்குப் போன் செய்து சம்மதம் வாங்க வேண்டும். நாங்கள் யாரும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இல்லை. டிகிரி முடித்தால்தான் பி.எட். சேரவே முடியும். பாதிப் பேர் அதற்கு முன் வேலை பார்த்தவர்கள். நால்வருக்குக் குழந்தை இருந்தது. நாளைக்கு ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கப்போகிற ஆட்கள், பக்கத்துக் கடைக்கு நாப்கின் வாங்கப் போக அப்பாவின் குரல் வேண்டும்.

அந்தத் தங்கவயல் அக்காவைச் சொன்னேனே, அவருக்கு அப்போது 38 வயது. அவர் அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001 இல் சுரங்கத்தை மூடியபோது வீட்டில் வருமானம் நின்று, அந்தச் சின்ன வயதிலேயே டியூஷன் எடுத்து வீட்டைத் தாங்கினார், தன்னைவிடப் பத்து வயது சின்னவனான தம்பியைப் படிக்கவைத்தார். பின்னால் கல்யாணம் ஆகி, கணவரையும் இழந்து, சேர்த்து வைத்த காசில் பி.எட். படிக்க வந்தவர். அப்பாவும் இல்லை, கணவரும் இல்லை, காப்பாளர் கட்டத்தில் யார் கையெழுத்து? தம்பியைப் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வார்டன் அறையிலிருந்து அந்தத் தம்பிக்குப் போன் போகும். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கும். ஒருநாள் அந்தப் பையன், "மேடம், அவங்க என்னை வளத்தவங்க, அவங்களுக்குப் பர்மிஷன் குடுக்க நான் யாரு?" என்று கேட்டுவிட்டான். வார்டன் மேடம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிப்பா, ஓகேன்னு மட்டும் சொல்லு, நான் எழுதணும்" என்றார். அவன் சொன்னான். அக்கா அன்று வெளியே போகவில்லை, அறைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று ராத்திரியும் மெஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தார், என் பாடத்துக்கு எப்போதும் போலக் கேள்வி கேட்டார். எனக்குப் பதில் சொல்லவே வாய் வரவில்லை.

இன்னொரு சம்பவம் இதைவிடக் கனமானது. எங்கள் பேட்சில் ஒருத்தியின் மகனுக்கு, அப்போது அவனுக்கு நான்கு வயது, ராத்திரி காய்ச்சல் ஏறி வலிப்பு வந்து ஓசூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மாமியார் போனில் சொன்னார். கணவருக்கு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், உள்ளே போன் கொண்டுபோக முடியாது. காப்பாளரிடம் பேசாமல் கேட்டைத் திறக்க முடியாது என்று நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது. மாமியார் சம்மதம் போதாதா என்றால், படிவத்தில் கணவர் பெயர்தான் இருக்கிறது. காலை ஆறரைக்கு ஷிஃப்ட் முடிந்து அவர் போனை எடுக்கும்வரை அவள் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனேக்கலிலிருந்து ஓசூர் எவ்வளவு பக்கம் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதற்காக இதை மறக்கச் சொல்லாதீர்கள்.

இத்தனைக்கும் எங்கள் பாடத்திட்டத்தில் பாலினம், பள்ளி, சமூகம் என்று ஒரு தாளே இருந்தது. குழந்தைப் பருவமும் வளர்ச்சியும் என்ற தாளில், பிள்ளைகளைத் தானாக முடிவெடுக்கப் பழக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். 'தன்னை அறிதல்' என்று தனியாக ஒரு பயிற்சி வேறு. இவற்றை நடத்திய மேடம் நல்லவர், உணர்ந்து நடத்துவார், அவரிடமே இதைக் கேட்டோம். "என் கையில் இல்லம்மா" என்றார். அவர் சொன்னது உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகு அந்தத் தாளைப் படிப்பது பெரிய பாரமாக இருந்தது.

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரை ஒன்றரை கிலோமீட்டர், தெருவிளக்கு கிடையாது, ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் தலைதெறிக்கப் போகும் சாலை. இருட்டினால் எனக்கே பயமாகத்தான் இருந்தது. வெளியூரிலிருந்து மகளை அனுப்பும் பல அப்பாக்கள் இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள், கட்டுப்பாடு இல்லையென்றால் அந்தப் பெண்களில் பத்துப் பேராவது படிக்கவே வந்திருக்க மாட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும், என் அறைத்தோழியே அப்படி வந்தவள்தான். வார்டன் மேடமும் கெட்டவர் கிடையாது. எனக்கு டெங்கு வந்தபோது ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டவர் அவர். ஆனால் அந்தச் சாலைக்குத் தேவை நான்கு விளக்கும், சந்தாபுரா வரை போய்வர ஒரு வேனும். அப்பா போனில் சரி என்று சொல்வதால் எந்த லாரியும் மெதுவாகப் போய்விடாது. சாலைதான் காரணம் என்றால் ஆண்களுக்கும் அதே சாலைதானே.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. 2022 இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஹாஸ்டலை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதியை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது, அந்த டிசம்பரில் கேரள அரசு ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாதிரி விதி போட்டது. அந்தச் செய்தி வந்த பேப்பரைத் தங்கவயல் அக்கா வெட்டி மெஸ் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். மறுநாள் அது அங்கே இல்லை. தேடிப் படித்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதியில் மட்டும் பாகுபாடான விதிகள் போடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 விதிகளிலேயே இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே, 2013 இல் வந்த, வளாகங்களில் பெண்கள் பாதுகாப்பு பற்றிய யு.ஜி.சி.யின் 'சக்ஷம்' அறிக்கையும் அதைத்தான் சொல்லியிருந்தது. டெல்லி மாணவிகள் 2015 இல் 'பிஞ்ச்ரா தோட்' என்று, கூண்டை உடைப்போம் என்று கிளம்பியதும் இதே ஹாஸ்டல் நேரங்களுக்கு எதிராகத்தான். எல்லாவற்றையும் எழுதி, பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். பெற்றோர் கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அந்தக் கூட்டம் நாங்கள் வெளியே வரும்வரை நடக்கவில்லை.

நூறு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் இதைத் தொடர்ந்து பேசுவதும் சுலபமில்லை. இன்டர்னல் மார்க் போடுபவர்களும், மெஸ்ஸில் பக்கத்து மேஜையில் சாப்பிடுபவர்களும், அவுட்பாஸ் முடிவு செய்பவர்களும் அதே நாலைந்து பேர்தான். வகுப்புக்கு 80 சதவீதம், இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம் வருகை வேண்டும், அதைக் கணக்கெடுப்பவரும் அங்கேதான் இருக்கிறார். சின்ன இடத்தில் நமக்கு யாரும் அந்நியர் இல்லை என்பது ராத்திரி பாடத்துக்கு எவ்வளவு உதவியதோ, புகார் சொல்லும்போது அவ்வளவு கழுத்தைப் பிடித்தது.

இப்போது மெட்ரோ கணக்கு. நான் சேர்ந்தபோது அல்சூரிலிருந்து அந்த காலேஜுக்குப் போக சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் தங்குவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இப்போது அல்சூரில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் தடம் பிடித்தால், 19 கிலோமீட்டர் தாண்டி பொம்மசந்திராவில் இறங்கலாம். 2025 ஆகஸ்டில் திறந்த புதிதில் 25 நிமிடத்துக்கு ஒரு ரயில்தான் இருந்தது, பெட்டிகள் வர வர இடைவெளி குறைந்தது. அங்கிருந்து சந்தாபுரா வழியாக பஸ். தினமும் வந்துபோக முடியாத இடம் என்று இனி சொல்ல முடியாது. ஆனாலும் எல்லோரும் தங்கியே ஆக வேண்டும் என்ற விதி அங்கே மாறவில்லை என்று ஜூனியர் ஒருத்தி சொன்னாள், நோட்டும் மாறவில்லையாம். ஆறு வயதுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஞாயிறு ஏழு மணி நேரம் மட்டும், அதுவும் கணவர் போனை எடுத்தால், பார்த்துவிட்டு வரலாம்.

அதனால் தோழியின் நாத்தனாருக்கு என் பதில், வேண்டாம். நான் இன்று நல்ல ஆசிரியராக இருக்கிறேன் என்றால், இருக்கிறேன் என்று நம்புகிறேன், அதற்குக் காரணம் அந்த காலேஜின் ராத்திரிகள். சிவாஜிநகரிலோ ஜெயநகரிலோ பகலில் மட்டும் நடக்கும் எந்தக் கல்லூரியிலும் அது கிடைக்காது, நாலு மணிக்கு எல்லோரும் பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள். அதெல்லாம் தெரிந்தே வேண்டாம் என்கிறேன். என் தங்கை கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அந்த அக்காவை வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் தம்பியிடம் அனுமதி கேட்டதைப் பார்த்த பிறகு, இன்னொரு பெண்ணை அந்தக் கேட்டுக்குள் நானே அனுப்பிவைக்க முடியாது.

பகல் கல்லூரியில் சேர்ந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் பாடம் படிக்காத இருவரைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் இயற்பியல் என்றால் ஒருவர் கன்னடமோ தமிழோ, இன்னொருவர் வரலாறு. வாரத்துக்கு இரண்டு மாலை யாராவது ஒருவர் வீட்டில் உட்காருங்கள், வீடியோ காலில் வேண்டாம், நேரில். மறுநாள் பாடத்தை எடுத்துக் காட்டிவிட்டு, புரியாததை வெட்கப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் செய்ததில் பாதியாவது வந்துவிடும்.

இவ்வளவு படித்த பிறகும் அந்த காலேஜ்தான் என்று யாராவது முடிவு செய்தால், அட்மிஷன் ஃபீஸ் கட்டுவதற்கு முன் வார்டனிடம் அவுட்பாஸ் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஆண்களின் ரிஜிஸ்டரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெண்கள் புத்தகத்தில் காப்பாளர் கட்டம் இன்னும் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். இல்லையென்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், அன்றே என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.